பிள்ளையின் பல்லும் பெற்றோரின் பொறுப்பும்



பென்னாகரம் வட்டாரத்துத் தாய் ஒருவர் நமக்கு எழுதிய கடிதமே இத்திங்கள் நாம் இப்பொருளை எடுத்துக்கொள்ளக் காரணமாயிற்று. அவருக்குப் பிள்ளைகள் இருவர். மூத்தவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். மேல்வரிசை முன்பற்கள் உதட்டை மீறி எடுப்பாக நிற்பதால் பள்ளியில் பட்டப்பெயர் பெற்றிருக்கிறான். இளையவள் எட்டு வயதுச் சிறுமி. வாயை மூடும்போது அவளுடைய கீழ்வரிசை முன்பற்கள் மேல்வரிசைக்கு வெளியே வந்து நிற்கின்றன. கணவர் பெங்களூரில் கட்டட வேலை செய்து மாதம் ஒருமுறை ஊர் திரும்புகிறவர். "மூத்தவனுக்கு முதலில் கம்பி கட்டி முடிப்போம், சின்னவளுக்கு வயசுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் பேசியிருக்கிறோம், சாமி. கழற்றி மாட்டும் கிளிப்பு நல்லதா, பல்லோடு ஒட்டி வைக்கும் கம்பி நல்லதா? ஒட்டி வைப்பதிலும் பல வகை உண்டாமே! கடன் வாங்கித்தான் செய்ய வேண்டும், தவறிப்போகக் கூடாது என்றுதான் கேட்கிறோம்" என்று அவர் எழுதியிருக்கிறார்.

இக்கேள்வியில் ஒரு குடும்பத்தின் சேமிப்பும் இரு பிள்ளைகளின் வளரும் பருவமும் அடங்கியிருக்கின்றன. எனவே சற்று விரிவாகவே விடை கூற விழைகின்றோம். மருத்துவரின் இருக்கையில் அமர்ந்து தீர்ப்புச் சொல்வது நம் நோக்கமன்று. மருத்துவரிடம் செல்லும் பெற்றோர் எதைக் கேட்க வேண்டும், அவர் கூறும் விடையை எவ்வாறு விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதை எடுத்துரைப்பதே நம் நோக்கம்.

இது வீண் பகட்டா?

பல்லைச் சீராக்கப் பணம் செலவிடுவது பகட்டு என்று எண்ணும் பெரியோர் நம்மிடையே இன்றும் உளர். அழகு மட்டுமே நோக்கமாயின் அக்கருத்துக்கு இடமுண்டு. ஆனால் மேலும் கீழும் பற்கள் பொருந்தாத பிள்ளை உணவை நன்கு கடித்து அரைக்க இயலாது. எடுப்பாக நிற்கும் முன்பல், பிள்ளை ஓடி விழும்போது முதலில் அடிபடுகிறது. மேற்பல் கீழ்ப்பல்லை விட 3 மில்லிமீட்டருக்கு மேல் முன்னே துருத்தி நின்றால், முன்பல் உடையும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு ஆகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அறிஞர் கண்டுள்ளனர். மேலும், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கும் பிள்ளையின் மனத்துயர் சிறிதெனக் கருதத்தக்கதன்று. ஆதலின் தேவையறிந்து செய்யும் பல் சீரமைப்பைப் பகட்டெனக் கொள்ளுதல் தகாது.

பொருத்தக் குறைகள் மூன்று

மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றோடொன்று அமரும் முறையை நாம் 'பல் பொருத்தம்' என்று இங்கே குறிப்போம். அமெரிக்க நாட்டுப் பல் மருத்துவர் எட்வர்டு ஆங்கிள் 1899-ஆம் ஆண்டில் கடைவாய்ப் பற்கள் அமரும் நிலையைக் கொண்டு பொருத்தக் குறைகளை வகைப்படுத்தினார். அவ்வகைப்பாடு இன்றளவும் வழக்கில் உள்ளது. குடும்பத்தார் விளங்கிக்கொள்ளும் பொருட்டு, வளரும் பிள்ளைகளிடம் காணப்படும் குறைகளுள் முதன்மையான மூன்றை மட்டும் நாம் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, மேற்பற்கள் முன்துருத்தியும் கீழ்த்தாடை பின்தங்கியும் இருத்தல். இரண்டாவது, மேல்தாடை குறுகியிருப்பதால் பக்கவாட்டுப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு உட்புறம் விழுதல். மூன்றாவது, முன்பற்கள் மாறி நின்று, கீழ்வரிசை மேல்வரிசைக்கு வெளியே வருதல். பரம்பரையே பலவற்றுக்குக் காரணம். நெடுநாள் விரல் சூப்புதல், மூக்கடைப்பினால் வாய்வழி மூச்சுவிடுதல், பால் பல் சொத்தையாகிக் காலத்துக்கு முன்பே பிடுங்கப்படுதல் ஆகியனவும் துணைக் காரணங்களாகின்றன. 'பால் பல்தானே, விழப்போவதுதானே' என்று சொத்தையைக் கவனியாது விடுவது நம் இல்லங்களில் காணும் பெருங்குறை. பால் பல் தன்பின் வரும் பல்லுக்கு இடம் காத்து நிற்கும் காவலாள். அது முன்னதாகப் போனால் அக்கம்பக்கத்துப் பற்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்கின்றன.

கழற்றும் கருவியும் கழற்றாக் கருவியும்

கழற்றி மாட்டும் கருவியைப் பிள்ளையே எடுத்துச் சுத்தம் செய்யலாம். பல் துலக்குவதும் எளிது. ஆனால் அது வாயில் இருக்கும் நேரம் மட்டுமே வேலை செய்யும். பேச்சுக் குழறுகிறது, தோழர் சிரிக்கின்றனர் என்று கழற்றிக் கணக்குப்பெட்டிக்குள் வைத்துவிட்டால் பணமும் காலமும் வீண். பல்லோடு ஒட்டப்படும் கருவியோ இரவும் பகலும் வாயிலேயே இருந்து, பிள்ளை மறந்தாலும் தன் வேலையைச் செய்கிறது. ஆயின் அதைச் சுற்றி உணவு தங்கும். உடைந்தால் மருத்துவரிடம் போயே ஆகவேண்டும். சுருங்கக் கூறின், கழற்றும் கருவி பிள்ளையின் மனவுறுதியை நம்பியிருக்கிறது. கழற்றாக் கருவி பெற்றோரின் பயணத்தையும் பல் துலக்கும் பழக்கத்தையும் நம்பியிருக்கிறது. தந்தை வெளியூரிலும் தாய் கூலி வேலையிலும் இருக்க, ஆயாவின் பொறுப்பில் வளரும் பிள்ளைகள் நம் மாவட்டத்தில் பலர். அத்தகைய இல்லங்கள் இவ்வேறுபாட்டை முதலில் மனத்திற்கொள்ள வேண்டும்.

முன்துருத்திய பற்களுக்கு

பின்தங்கிய கீழ்த்தாடையை முன்கொணரும் கழற்றாக் கருவிகளுள் மூத்தது ஜெர்மானியரான எமில் ஹெர்பஸ்ட் அமைத்தது. 1909-இல் பெர்லின் நகரில் கூடிய பன்னாட்டுப் பல் மருத்துவ மாநாட்டில் அதை அவர் அறிமுகம் செய்தார். பின்னர் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்த அதனை, சுவீடன் நாட்டு மால்மோ நகரில் பணியாற்றிய ஹான்ஸ் பாங்கர்ஸ் 1979-இல் மீண்டும் வழக்குக்குக் கொணர்ந்தார். மேற்கடைவாய்ப் பல்லில் ஒரு சிறு குழாயும், கீழ்ப்பற்களில் அக்குழாய்க்குள் ஓடும் ஒரு கோலும் இருபக்கமும் பொருத்தப்படுகின்றன. வாயை மூடும்போதெல்லாம் அவை கீழ்த்தாடையை முன்னே நிறுத்துகின்றன. பல மாதங்கள், பெரும்பாலும் ஓராண்டுக்குள், இப்படி வைத்திருந்தபின் வழக்கமான கம்பிகளால் பற்களை வரிசைப்படுத்துவர்.

இதற்கு மாற்றாக வில்சுருள் கொண்ட கருவிகள் வந்துள்ளன. அவற்றுள் 'ஃபோர்சஸ்' என்னும் வணிகப் பெயருடையது பலரும் அறிந்தது. அது மேற்கடைவாய்ப் பல்லிலிருந்து கீழ்வரிசைக் கம்பிக்கு மாட்டப்படுகிறது. ஹெர்பஸ்ட் கருவிக்கு அளவெடுத்து ஆய்வுக்கூடத்தில் செய்து வாங்க வேண்டும். இதனையோ மருத்துவர் ஆயத்தமாக வாங்கி வைத்து ஒரே அமர்வில் மாட்டிவிடலாம். ஆனால் பற்கள் முழுவதற்கும் கம்பி கட்டிய பின்பே இதனைப் பொருத்த இயலும். ஆதலின் பால் பற்கள் விழுந்து நிலைப்பற்கள் பெரும்பாலும் முளைத்துவிட்ட பிள்ளைக்கே இது ஏற்றது. கீழ் முன்பற்களை முன்னோக்கிச் சாய்க்கும் குணமும் இதற்கு உண்டு. அப்பற்கள் ஏற்கனவே முன்சாய்ந்திருந்தால் மருத்துவர் தயங்குவது நியாயமே. இச்சாய்வு ஹெர்பஸ்ட் கருவியிலும் ஓரளவு நேர்வதுதான்.

கழற்றும் வகையில் பெயர் பெற்றது, ஸ்காட்லாந்து நாட்டு வில்லியம் கிளார்க் 1977-இல் உருவாக்கிய இரட்டைக் கட்டைக் கருவி. மேலொன்றும் கீழொன்றுமாக இரு தகடுகள். அவற்றின் சரிந்த கட்டைகள் ஒன்றோடொன்று இடிக்கும்போது கீழ்த்தாடை முன்னே வருகிறது.

இவற்றுள் எது சிறந்தது? இங்கிலாந்தில் கெவின் ஓ'பிரையன் தலைமையில் பல மருத்துவமனைகள் கூடி, 11 முதல் 14 வயது வரையிலான 215 பிள்ளைகளிடம் ஹெர்பஸ்ட் கருவியையும் இரட்டைக் கட்டைக் கருவியையும் ஒப்பிட்டு 2003-இல் முடிவை வெளியிட்டன. இரட்டைக் கட்டை அணிந்தோருள் 33.6 விழுக்காட்டினர் அக்கட்டத்தை முடிக்காமல் விட்டுவிட்டனர்; ஹெர்பஸ்ட் அணிந்தோருள் அவ்வாறு விட்டவர் 12.9 விழுக்காட்டினரே. ஆனால் ஹெர்பஸ்ட் கருவி அடிக்கடி பழுதுற்றதால் அதனை அணிந்தோர் மருத்துவமனைக்குக் கூடுதலாக வரவேண்டியிருந்தது. பற்களிலும் தாடையிலும் விளைந்த பலனிலோ பெரும் வேற்றுமை காணப்படவில்லை. வேறுபாடு பிள்ளை அதைத் தொடர்ந்து அணிவதிலும், குடும்பம் பழுதுபார்க்க அலைவதிலும் இருந்ததே தவிர, உலோகத்தின் பெருமையில் இல்லை என்பது இதனால் புலனாகிறது.

இன்னொன்றும் பெற்றோர் அறிதல் வேண்டும். 'தாடையையே வளர்த்துவிடும்' என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உண்மையில் தாடை எலும்பில் விளையும் கூடுதல் வளர்ச்சி மிகச் சிறிதே. மாற்றத்தின் பெரும்பகுதி பற்கள் இடம்பெயர்வதால் வருகிறது. பிள்ளையின் முகத்துக்கு அதுவே பெரும் நன்மை; எனினும் கருவிக்கு இல்லாத ஆற்றலை அதற்கு ஏற்றிச் சொல்லலாகாது.

எந்த வயதில் தொடங்குவது? பத்ரி திருவேங்கடாச்சாரி முதலானோர் 2013-இல் வெளியிட்ட காக்ரன் தொகுப்பாய்வு, முன்துருத்திய பற்களுக்கு ஏழு முதல் பதினோரு வயதுக்குள் ஒருமுறையும் பின்னர் மறுமுறையும் என இரு கட்டமாகச் செய்வதையும், வளரிளம் பருவத்தில் ஒரே கட்டமாகச் செய்வதையும் ஒப்பிட்டது. முன்னதாகத் தொடங்கியதால் விழுந்து பல் உடைதல் குறைந்தது. வேறு பெரிய நன்மை இல்லை. எனவே, அடிக்கடி விழுந்தெழும் துடுக்குப் பிள்ளை, வெகுவாகத் துருத்திய பல், தாங்கொணாக் கேலி ஆகிய காரணம் இல்லையேல், இக்குறைக்கு உடல் வேகமாக வளரும் பருவம் வரை காத்திருக்கலாம். பெண்பிள்ளைகளுக்கு அப்பருவம் பத்து வயதையொட்டித் தொடங்கிவிடுகிறது. ஆண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஈராண்டு பின்னரே வருகிறது. பக்கவாட்டு எக்ஸ்ரே படத்தில் கழுத்தெலும்புகளின் வடிவைக் கண்டு மருத்துவர் அதனைக் கணிப்பார்.

குறுகிய மேல்தாடைக்கு

வாயை மூடும்போது தாடை ஒரு பக்கமாக நழுவிச் செல்லும் பிள்ளையைக் கண்டால், மேல்தாடை குறுகியிருக்கக்கூடும் என ஐயுறுக. மேல் அண்ணம் வலம் இடம் என இரு எலும்புகள் நடுவே இணைந்து அமைந்தது. அவ்விணைப்பு சிறு வயதில் இறுகியிருப்பதில்லை. வளர வளர இறுகி, பதின்பருவத்தின் பிற்பகுதியில் எளிதில் அசையாத நிலையை அடைகிறது. இவ்விணைப்பை விரித்து மேல்தாடையை அகலமாக்கலாம் என்று அமெரிக்கரான எமர்சன் ஏஞ்செல் 1860-லேயே எழுதினார்.

இதற்கெனக் கழற்றாக் கருவிகள் இருவகை உண்டு. ஒன்று, அண்ணத்தின் நடுவே திருகு வைத்த 'ஹைராக்ஸ்' வகை. சிறு சாவியால் ஒருமுறை திருப்பினால் பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் விரியும். நாளொன்றுக்கு ஒன்றோ இரண்டோ திருப்பு. அதனை வீட்டில் பெற்றோரே செய்ய வேண்டும். சில நாளில் முன்பற்களிடையே சந்து தோன்றும். கண்டு அஞ்ச வேண்டா. எலும்பு விரிகிறது என்பதற்கு அது அடையாளம், நாளடைவில் மூடிக்கொள்ளும். விரித்தபின் பல மாதங்கள் கருவியை அப்படியே விட்டுவைத்தால்தான் புதிய எலும்பு நிரம்பி நிலைபெறும். மற்றொன்று, நான்கு சுருள் கொண்ட 'குவாட் ஹீலிக்ஸ்' கம்பி. இதற்குச் சாவியில்லை, மருத்துவரே அவ்வப்போது சரிசெய்வார், மெல்ல விரிக்கும்.

எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளின் பக்கப் பல் குறைக்குக் கழற்றும் விரிப்புத் தகட்டை விட குவாட் ஹீலிக்ஸ் அதிகம் வெற்றி தரக்கூடும் எனத் தொகுப்பாய்வுகள் கூறுகின்றன. இரு கழற்றாக் கருவிகளுள் தேர்ந்தெடுக்கும்போது, குறுக்கம் எலும்பிலா பல்லிலா என்பதை மருத்துவர் பார்ப்பார். நாள்தோறும் தவறாது சாவி திருப்பி, திருப்பியதை நாட்காட்டியில் குறித்து வைக்க ஒருவர் வீட்டில் இருக்கிறாரா என்பதைப் பெற்றோர் பார்க்க வேண்டும். அத்தகையவர் இல்லாத வீட்டில் சாவியில்லாக் கம்பியே மேல்.

மாறி நிற்கும் முன்பற்களுக்கு

கீழ்ப்பல் வெளியே நிற்கும் குறையில் மருத்துவர் முதலில் அறியவேண்டுவது, கோளாறு பல்லிலா தாடையிலா என்பதே. ஒன்றிரண்டு பற்கள் மட்டும் உட்புறமாக முளைத்ததெனின் தீர்வு எளிது. கடைவாய்ப் பற்கள் இரண்டு, முன்பற்கள் நான்கு ஆகியவற்றில் மட்டும் கம்பி கட்டிச் சில மாதங்களில் சரிசெய்துவிடலாம். சுவீடன் நாட்டில் அன்னா பவுலினா வீடெல், லார்ஸ் பாண்டெமார்க் ஆகியோர் 62 பிள்ளைகளிடம் கழற்றாக் கம்பியையும் கழற்றும் தகட்டையும் ஒப்பிட்டு 2015-இல் வெளியிட்டனர். இரண்டும் நற்பலன் தந்தன. கழற்றாக் கம்பி ஏறத்தாழ ஒன்றரை மாதம் முன்னதாகவே வேலையை முடித்தது. செலவும் அதற்கே குறைவு என்பது அவர்களின் கணக்கு. 'ஒட்டுக் கம்பி என்றாலே செலவு அதிகம்' என்று நாம் கொண்டுள்ள எண்ணத்தை இது சற்று அசைக்கிறது.

மேல்தாடை வளர்ச்சி குன்றியதால் வந்த குறையாயின் நிலைமை வேறு. மேற்பற்களில் ஒட்டிய விரிப்புக் கருவியில் கொக்கி வைத்து, நெற்றியிலும் முகவாயிலும் தாங்கும் முகச்சட்டத்தோடு ரப்பர் வளையங்களால் இணைத்து, மாலையிலும் இரவிலுமாக நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் வரை அணியச் செய்வர். இது மேல்தாடையை முன்னோக்கி இழுக்கிறது. இங்கிலாந்தில் நிக்கி மாண்டல் குழுவினர் ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான 73 பிள்ளைகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஆறாண்டுகளுக்குப் பின் தாடை அறுவை தேவைப்படும் என நிபுணர் கருதிய பிள்ளைகள், முகச்சட்டம் அணிந்தோருள் 36 விழுக்காடு. அணியாதோருள் 66 விழுக்காடு. தொடங்க வேண்டிய வயது பத்துக்கு முன். இதுவன்றோ பெற்றோர் மறவாது நெஞ்சில் இருத்த வேண்டிய செய்தி!

நம் மாவட்டத்துக்கே உரிய இடர்

தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளூரைடு மிகுதி என்பதை நாம் அனைவரும் அறிவோம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீர் கிடையாத இடத்து 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. அதனை மீறிய ஆழ்துளைக் கிணற்று நீரை ஏறத்தாழ எட்டு வயது வரை, அதாவது நிலைப்பற்களின் எனாமல் உருவாகும் காலத்தில், பருகிய பிள்ளைகளின் பற்களில் வெண்திட்டும் மஞ்சளும் காவியும் தோன்றுகின்றன. இதன்பொருட்டே ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அமைக்கப்பட்டு 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீரையே குடித்து வளரும் பிள்ளைக்கு இக்குறை தவிர்க்கப்படும். குழாயில் நீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்றுக்கே திரும்பும் வீடுகளில் இடர் தொடரும்.

இதற்கும் பல் கம்பிக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். கம்பியைத் தாங்கும் 'பிராக்கெட்' என்னும் சிறு பிடிகள் பல்லில் பசையால் ஒட்டப்படுகின்றன. ஒட்டுவதற்கு முன் பாஸ்பாரிக் அமிலத்தை அரை நிமிடம் வரை தடவிப் பல்லின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவர். ஃபுளூரைடு ஏறிய எனாமலின் மேலடுக்கோ அமிலத்தை எதிர்த்து நிற்கும். எனவே காவி மிகுந்த பல்லில் ஒட்டிய பிடி அடிக்கடி பெயர்ந்து விழலாம். ஒவ்வொரு முறை விழும்போதும் ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் போகின்றன. இதற்கு வழியில்லாமலில்லை. அமிலத்தை நெடுநேரம் வைத்தல், மேலடுக்கை மெல்லத் தேய்த்து நீக்கிவிட்டு ஒட்டுதல், ஒட்டும் திறன் கூட்டும் பூச்சைப் பயன்படுத்துதல், கடைவாய்ப் பற்களில் ஒட்டுவதற்குப் பதில் உலோக வளையம் மாட்டுதல் என்பன மருத்துவர் கையாளும் முறைகள். ஆதலின் சேலத்துக்கோ பெங்களூருக்கோ பிள்ளையை அழைத்துச் செல்லும் பெற்றோர், "நாங்கள் தருமபுரிப் பக்கத்தவர், பல்லில் காவி உண்டு, அதற்கேற்ப ஒட்டுவீர்களா?" என்று முதல் நாளே கேட்பது நலம். கம்பியால் பல் வரிசையாகுமே ஒழிய காவி போகாது என்பதையும் முன்னரே அறிந்திருந்தால் பின்னர் ஏமாற்றம் இராது.

ஃபுளூரைடு என்ற சொல்லுக்கே அஞ்சிப் பற்பசையையும் விலக்கும் பெற்றோர் சிலர் உளர். பல் முளைத்தபின் பசையைத் தேய்த்துத் துப்பிவிடும் பிள்ளைக்கு அதனால் காவி வருவதில்லை. மாறாக, கம்பி கட்டியுள்ள காலத்தில் பிடிகளைச் சுற்றி எனாமல் கரைந்து வெண்புள்ளி விழுவதை அது தடுக்கிறது. துப்பத் தெரியாத சிறு குழந்தைக்கு மட்டும் மிகச் சிறிதளவே இட்டு அருகில் நின்று கவனிக்க.

வீட்டில் காக்க வேண்டியவை

நம் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் கம்பி கட்டிய வாய்க்கு உகந்தவை. கடலை மிட்டாய், எள்ளுருண்டை, கமர்கட்டு, முறுக்கு, கரும்பு, வறுத்த புளியங்கொட்டை, கோழி எலும்பு ஆகியவை பிடியைப் பெயர்க்கும். மாம்பழக் காலத்தில் கொட்டையைக் கடித்துச் சப்பாமல் சதையை அரிந்து கொடுங்கள். ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் பல் துலக்க வேண்டும். கம்பி கன்னத்தில் குத்தினால் மருத்துவர் தரும் மெழுகை உருட்டி ஒட்டலாம். வீட்டிலேயே குறடு கொண்டு வளைக்க முற்படலாகாது. கம்பி கழற்றிய பின்னும் பற்கள் பழைய இடத்தை நாடும். அதைத் தடுக்கும் பிடிப்புத் தகட்டை மருத்துவர் சொல்லும் காலம் வரை அணியாவிடின் பட்ட பாடு வீணாகும்.

பல் சீரமைப்பில் மூன்றாண்டு மேற்படிப்பு முடித்து எம்.டி.எஸ். பட்டம் பெற்ற நிபுணரை நாடுவது முறை. சந்தை ஓரத்தில் மலிவாகக் கம்பி கட்டுவோரிடம் பிள்ளையை விடவேண்டா. பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பேராசிரியர் மேற்பார்வையில் பயிற்சி மருத்துவர் சிகிச்சை தருவதால் கட்டணம் பெரும்பாலும் குறைவு. காத்திருக்கும் நேரம் மிகுதி. எங்கு சென்றாலும், முழுச் செலவு எவ்வளவு, எத்தனை தவணை, உடைந்தால் தனிக்கட்டணமா, எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரவேண்டும், பிடிப்புத் தகடு கணக்கில் சேர்ந்ததா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அத்தாய்க்கு நம் மறுமொழி

அம்மா, உங்கள் மகனுக்குக் காலம் கடந்துவிடவில்லை. பன்னிரண்டு வயது ஆண்பிள்ளைக்கு வளர்ச்சி வேகம் இனிமேல்தான் கூடும். நிபுணர் படம் எடுத்துப் பார்த்து இந்த ஆண்டு என்றாலும் அடுத்த ஆண்டு என்றாலும் அவனுக்குப் பலன் உண்டு. தந்தை வெளியூரில் இருக்க, நீங்களும் வேலைக்குச் செல்வதால், அவனே நினைத்து அணிய வேண்டிய கருவியை விட ஒட்டி வைக்கும் கருவி உங்கள் வீட்டுக்குப் பொருந்தலாம். ஆயின் மாதந்தோறும் அவனை அழைத்துச் செல்ல ஆளுண்டா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அவசரம் உங்கள் மகளுக்கே. 'மூத்தவன் முதலில்' என்னும் முறை திருமணப் பேச்சுக்குப் பொருந்தலாம்; பல்லுக்குப் பொருந்தாது. அவளுடைய குறை பல்லில் மட்டுமெனில் சில மாதக் கம்பியோடு முடியும். தாடையில் எனில், பத்து வயதுக்குள் இருக்கும் இந்த ஈராண்டே அவளுக்கு உகந்த காலம். வயதுக்கு வரும் வரை காத்திருந்தால் அவ்வாய்ப்பு நழுவி, பின்னாளில் அறுவை ஒன்றே வழியென மருத்துவர் கூறும் நிலை வரக்கூடும். கையில் உள்ள பணம் ஒரு பிள்ளைக்கே போதுமெனின் அதை அவளுக்குச் செலவிடுங்கள். மகன் ஓராண்டு பொறுப்பான். காரணத்தை அவனிடமே எடுத்துச் சொல்லுங்கள், புரிந்துகொள்வான்.

வாசிக்கும் ஏனைய பெற்றோருக்கும் ஒன்று கூறி முடிக்கின்றோம். உங்கள் இல்லத்தில் ஏழு வயது நிறைந்த பிள்ளை இருப்பின், இன்று மாலை வெளிச்சத்தில் அமரவைத்து, பற்களைக் கடித்துக் காட்டச் சொல்லுங்கள். மேற்பல் வெளியே நிற்கிறதா, கீழ்ப்பல் வெளியே நிற்கிறதா, தாடை ஒரு பக்கம் நழுவுகிறதா என்று பாருங்கள். கீழ்ப்பல் வெளியே நின்றாலோ தாடை நழுவினாலோ தாமதியாமல் நிபுணரிடம் காட்டுங்கள். ஒரு காசும் செலவில்லாத இச்சோதனையை நம் குடும்பத்தார் அனைவரும் செய்வார்களாக!